நாற்பத்தோராவது நிமிடத்தில் ஒரு கதவு

பன்னிரண்டேகாலுக்கு மகள் ரெஜினா கிளம்பினாள். வாசலில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டியபடி ஏதோ சொன்னாள், நான் தலையாட்டினேன். உதட்டில் ‘மூணு’ தெரிந்தது, கை ஃப்ரிட்ஜ் பக்கம் காட்டியது, ஆகவே மூன்று மணிக்குப் பால். மீதியை நானே போட்டுக்கொண்டேன். இரண்டு வருடமாக இப்படித்தான், ஆட்கள் பேசுவதில் பாதி எனக்கு வந்து சேருகிறது, மறுபாதியை நான் எழுதிக்கொள்கிறேன், பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறேன், வீட்டில் யாரும் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்கள். சரிம்மா, குடை எடுத்துக்கோ என்றேன். அவள் சிரித்தாள், குடை கையிலேயே இருந்தது. மழை வருமா என்று கேட்டிருப்பாளோ, அதற்கு நான் குடை என்றது பொருந்திவிட்டதோ, எப்படியோ போய்விட்டாள். ஸ்கேன் சென்டரில் மதிய வேலை, நாலு மணி வரைக்கும், பிரசவ லீவு முடிந்து சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. மாப்பிள்ளை டெரன்ஸ் அபுதாபியில். பேத்தி லியாவைப் பார்த்துக்கொள்வது என் மனைவி பிலோமினாவின் பொறுப்பாகத்தான் இருந்தது, திங்கட்கிழமை திண்டுக்கல்லில் அவள் தங்கைக்கு ஆபரேஷன் என்று போக வேண்டியதாகிவிட்டது. பத்து நாள்தானே, நான் பார்த்துக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். பிலோ பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். உங்களால முடியுமா என்று கேட்டாள், அது நன்றாகவே கேட்டது, அவள் எப்போதும் என் இடது பக்கமாக வந்து நின்றுதான் பேசுகிறாள் இப்போதெல்லாம், அது ஏன் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. ஏன் முடியாது, ஒரு அஞ்சு மாசக் குழந்தை, தூங்கும், பால் குடிக்கும், மறுபடி தூங்கும். என்ன முடியாது.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டுக் காட்டிய காகிதத்தில் கோடு இடது ஓரத்தில் மேலே தொடங்கி வலது பக்கம் போகப் போகச் சரிந்து அடியில் விழுந்துவிட்டது. கனத்த சத்தமெல்லாம் பரவாயில்லை சார், மெல்லிசா இருக்கிறது எல்லாம்தான் போயிட்டிருக்கு, வலது காது ரொம்பவே போயிடுச்சு, மெஷின் வெச்சுக்கலாம், இப்ப சின்னதா வருது, யாருக்கும் தெரியாது. யோசிச்சுச் சொல்றேன் டாக்டர் என்று வந்தவன் அந்த ஃபைலைப் பீரோவில் கோட்டு சூட்டுக்கு அடியில் வைத்தேன், ரெஜினா கல்யாணத்துக்குத் தைத்த சூட்டு, அதை இனி யாரும் எடுக்கப் போவதில்லை. என்னால் எப்படிச் சொல்ல முடியும். முப்பது வருடம் இந்தக் காதை வைத்துத்தான் சாப்பிட்டேன். சினிமாவுக்குச் சத்தம் செய்கிற எஃபெக்ட்ஸ் இன்னாசி என்றால் சாலிகிராமத்தில் எந்த ஸ்டூடியோவிலும் டீ வரும். முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி முறித்தால் கழுத்து திருகுகிற சத்தம், பழைய குடையை விரித்து விரித்து மூடினால் வௌவால், சாட்டின் துணியில் நகத்தால் கீறினால் இருட்டில் எவளோ நடந்து போகிறாள். எத்தனை பேய்களுக்குக் கால் கொடுத்தேன், எத்தனை பேய்களுக்கு மூச்சு. பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது, நானும் வீட்டோடு வந்துவிட்டேன், அப்போதுதான் கௌசிக் என்கிற அந்தப் பையன், சினிமாவுக்கென்று இணையதளம் நடத்துகிறவன், தேடிக்கொண்டு வந்தான். சார், அக்டோபர் பூரா பேய்ப்படம் பார்க்கிறது இப்ப எல்லா ஊர்லயும் ஒரு பழக்கமா ஆயிடுச்சு, தினம் ஒரு படம், முப்பத்தொரு நாள், ஹாலோவீன் அன்னிக்கு முடிச்சிடலாம், நீங்க சத்தத்தைப் பத்தி எழுதுங்க, அதை எழுத தமிழ்ல ஆளே இல்ல. அமெரிக்காக்காரன் பூசணிக்காயில் முகம் வெட்டி வைக்கிறான், எனக்கு அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் கல்லறைத் திருநாள், கீழ்ப்பாக்கம் கல்லறையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்து இட்லி சாப்பிடுவோம், செத்தவர்களை நினைத்து யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இது மூன்றாவது வருடம். முதல் வருடம் காதால் எழுதினேன். போன வருடம் பாதி காது, பாதி அனுபவம். இந்த வருடம் முழுக்க அனுபவம். எந்த இடத்தில் என்ன சத்தம் வைப்பான் என்று எனக்குத் தெரியாதா, கதவு திறந்தால் கீல், இருட்டு வந்தால் காற்று, நான் வைத்திருந்தால் என்ன வைத்திருப்பேனோ அதை எழுதினேன், பதினெட்டு படம் ஓடிவிட்டது. பத்தொன்பதாவது படத்தில் ஒரு காட்சி, ஒருத்தி கிணற்றடியில் நிற்கிறாள், நான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை. எழுதினேன், இயக்குநர் இந்த இடத்தில் காட்டிய துணிச்சலான மௌனம் என்று. மறுநாள் அதற்குக் கீழே ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார். ஐயா, அந்தக் காட்சி முழுக்க ஒரு குழந்தை அழுதுகொண்டே இருக்கிறதே, நீங்கள் மௌனம் என்று எழுதியிருக்கிறீர்களே, நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனா. கௌசிக் அதைப் படம் பிடித்து அனுப்பி, சார் வேற ஏதாவது அர்த்தத்துல எழுதினீங்களா என்றான். எனக்கு வந்த பிரதியில் அந்தச் சத்தம் இல்லை என்று பதில் போட்டேன். நல்ல பொய். ஆனால் அதற்குப் பிறகு மூன்று முறை அந்த நான்கு நிமிடத்தைப் போட்டுப் பார்த்தேன், ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டு. காற்று வந்தது, கிணற்றின் அடியிலிருந்து ஏதோ உறுமல் வந்தது. குழந்தை வரவில்லை.

அதனால்தான் இந்த நாடா. பிலோவின் பழைய பாவாடை நாடாக்கள் மூன்றை முடிச்சுப் போட்டு, ஒரு நுனியைத் தூளியின் அடியில் கட்டி, படுக்கையறைக் கதவு வழியாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து, மறு நுனியை என் வலது கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டேன். லியா புரண்டால் தூளி ஆடும், தூளி ஆடினால் விரல் இழுபடும். செவ்வாய்க்கிழமை கட்டினேன், செவ்வாயும் புதனும் ஒழுங்காக வேலை செய்தது, நேற்று அவள் விழித்து ஒரு கையை நீட்டியதற்குக்கூட விரலில் சுருக்கென்று இழுத்தது. எஃபெக்ட்ஸ்காரன் மூளை, வேறு யாருக்கு இது தோன்றும் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த அறையிலேயே உட்கார்ந்து படம் பார்த்தால் என்ன என்றால், திங்கட்கிழமை அப்படித்தான் பார்த்தேன், திரை வெளிச்சம் தூளித் துணியில் விழுந்து விழுந்து அவளை எழுப்பிவிட்டது. ஹெட்ஃபோன் இல்லாமல் பார்த்தால் என்ன என்றால், அது போடாவிட்டால் எனக்குப் படத்தில் ஒன்றுமே இல்லை, முழு வால்யூமில் வைத்தால் அடிச்சத்தமாவது நெஞ்சில் வந்து விழுகிறது. பார்க்காமலே இருந்தால் என்ன. இதைத்தான் நான் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். இன்று இருபத்து மூன்றாம் தேதி, இன்னும் எட்டு நாள், அந்த மௌனத்துக்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துபோகும். லியாவுக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, தூளியில் விட்டு, இரண்டு ஆட்டு ஆட்டியதும் தூங்கிவிட்டாள். வாய் சிறிது திறந்திருந்தது. கதவைத் திறந்தே வைத்தேன். வாசல் மரக்கதவையும் திறந்து வைத்தேன், புழுக்கம், கிரில் மட்டும் பூட்டியிருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குப் படத்தைப் போட்டேன்.

தாய்லாந்துப் படம். ரப்பர்த் தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு கணவன் மனைவி குடி வருகிறார்கள், வீட்டுக்குப் பின்னால் பெரிய சிமெண்டுத் தொட்டி, தொட்டியில் என்னவோ இருக்கிறது. பழைய சங்கதிதான், ஆனால் இந்த இயக்குநருக்கு அவசரமில்லை, அவள் வாளியை இறக்குகிறாள், கயிறு இறங்கிக்கொண்டே போகிறது, தொட்டியின் ஆழத்தைவிட அதிகமாகக் கயிறு போகிறது என்று நமக்குத்தான் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். பத்தில் பார்த்தேன், இருபதில் பார்த்தேன், முப்பதில் பார்த்தேன், அதே வாய், அதே மூச்சு. நாடாவை அவிழ்க்காமலே நடந்து போய் வந்தேன், அது தரையில் சுருண்டு கிடந்தது, உட்கார்ந்ததும் காலால் இழுத்து இறுக்கிக்கொண்டேன். கூடம் திடீரென்று இருட்டியது, ஜன்னல் திரை உள்ளே பறந்தது, மழை வரப்போகிறது என்று நினைத்தேன், மொட்டைமாடியில் துணி இருக்கிறதா என்று நினைத்தேன், ஆனால் அப்போது அவள் தொட்டியின் மூடியில் கை வைத்துவிட்டாள். இதை எப்படி விடுவது. மூடி நகர்கிறது, உள்ளே கருப்பு, அவள் குனிகிறாள், குனிகிறாள், அந்த நொடியில் தரை வழியாக ஒரு அதிர்வு வந்து நாற்காலிக் கால் ஏறி என் அடிவயிற்றில் விழுந்தது. கதவு. திரையில் கதவே இல்லை, தோட்டத்தில் நிற்கிறாள், ஆனால் எங்கோ பின்னால் ஒரு கனத்த கதவு அறைந்து சாத்தப்படுகிறது, அவள்கூடத் திரும்பவில்லை, நாம்தான் பதறுகிறோம். இது வேலை. இதைத்தான் நான் முப்பது வருடம் இயக்குநர்களிடம் மன்றாடினேன், காட்டாத பொருளுக்குச் சத்தம் கொடுங்கள் என்று. நோட்டில் எழுதினேன். 41, திரையில் இல்லாத கதவு, நல்ல எடை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, எனக்கு இன்னும் கேட்கிறது, மெல்லிசானது போனால் என்ன, எடை எனக்குத் தெரிகிறது. அந்தச் சந்தோஷத்தில் நாற்பதில் எழுந்து போகவில்லை என்பது மறந்துவிட்டது. நாடா விரலில் சும்மா இருந்தது, நாடா சும்மா இருந்தால் அவள் தூங்குகிறாள். தொட்டிக்குள்ளிருந்து குழந்தைக் குரல் வரும் என்று நினைத்தேன், இந்த மாதிரிப் படத்தில் வராமல் இருக்காது, அவள் முகத்தைப் பார்த்தால் வருகிறது போலத்தான் இருந்தது, எனக்கு வரவில்லை. எந்த மாதிரி அழுகை வைத்திருப்பான். எனக்குத் தெரிந்த நல்ல அழுகை ஒன்றுதான். தொண்ணூற்று நாலில் ஒரு படத்துக்குச் செத்த குழந்தையின் அழுகை வேண்டும் என்றார்கள், ரெஜினாவுக்கு அப்போது மூன்று மாதம், ஸ்டூடியோவிலிருந்து டேப் மெஷினை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பசியில் அழ ஆரம்பித்தாள். முதல் இரண்டு நிமிடம் சாதாரண அழுகை, அது எனக்கு வேண்டாம், எல்லோரும் வைப்பதுதான். யாரும் வரமாட்டார்கள் என்று குழந்தைக்குத் தெரிகிற இடம் ஒன்று உண்டு, அங்கே குரல் மாறும், இறங்கி உடைந்து ஒரு மாதிரி தனக்குத்தானே அழுவதுபோல ஆகும், அதற்காகக் காத்திருந்தேன். பிலோ சமையலறையிலிருந்து கத்தினாள், போதும் தூக்குங்க என்று, நான் கையைக் காட்டி அவளை அடக்கினேன், அவள் சத்தம் டேப்பில் விழுந்துவிடும் என்று. ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் எனக்கு ஒரு துளி விடாமல் கேட்டது. படத்தில் அது வந்தபோது தியேட்டரில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், நான் பின்வரிசையில் நின்று அதைப் பார்த்தேன்.

திரை இருண்டது, இரவுக்காட்சி, அந்தக் கருப்பில் இடது மூலையில் ஒரு முகம் இருந்தது. மங்கலாக, அசைந்தபடி, வாய் திறந்து திறந்து மூடியது. நன்றாக வைத்திருக்கிறான், நடுவில் வைக்காமல் ஓரத்தில், பார்ப்பவனே கண்டுபிடிக்கட்டும் என்று. பேனாவை எடுத்தேன். முகத்தின் தலையில் துண்டு கட்டியிருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் எவள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு என்று நினைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது படத்தில் இல்லை, கண்ணாடித் திரையில் விழுகிற பிம்பம், எனக்குப் பின்னால் கிரிலுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள். திரும்பினேன். எதிர் ஃபிளாட் கஸ்தூரி, குளித்து வந்த தலையோடு, இரண்டு கையாலும் கிரிலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், கிரில் ஆடுவது தெரிந்தது, அதன் சத்தம் தெரியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினேன். “அங்கிள், குழந்தை. அங்கிள், எவ்வளவு நேரமா பெல் அடிக்கிறேன், குழந்தை கத்திட்டே இருக்கு.” நாடாவோடு எழுந்து ஓடினேன், நாடா இழுத்தது, குனிந்து பார்த்தால் அது தரையில் நேராகப் போய்ச் சாத்திய கதவின் அடியில் நசுங்கியிருந்தது. சாத்திய கதவு. நான் சாத்தவில்லை. காற்று. நாற்பத்தோராவது நிமிடம். நல்ல எடை என்று எழுதியவன் நான். மழைக்கு ஊறிய கதவு, அசையவில்லை, தோளால் இடித்தேன், இரண்டாவது இடியில் திறந்தது. தூளி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. லியாவின் ஒரு கால் துணி மடிப்புக்கு வெளியே வந்து, தொடையைத் துணி முறுக்கிப் பிடித்திருந்தது, அவள் உதைக்க உதைக்க அது இன்னும் இறுகியிருக்க வேண்டும், கால் விரல்கள் நிறம் மாறியிருந்தன, முகம் கறுத்துச் சிவந்து நனைந்திருந்தது. முறுக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, கடைசியில் துணியையே பல்லால் கடித்து இழுத்தேன். தூக்கினேன். அவள் வாய் என் முகத்துக்கு முன்னால் அகலமாகத் திறந்திருந்தது, உள்நாக்கு துடித்தது, ஒன்றும் வரவில்லை. அவளுக்குக் குரல் போய்விட்டதா எனக்குத்தான் வரவில்லையா. நெஞ்சோடு அணைத்தேன், விலா எலும்பில் அதிர்வு இருந்தது, மூச்சா அழுகையா தெரியவில்லை. சாவியை எடுத்துக் கிரிலைத் திறந்து கஸ்தூரியிடம்தான் கேட்டேன். “சத்தம் வருதா?” அவள் என்னைப் பார்த்தாள். “என்ன அங்கிள்?” “இவளுக்குச் சத்தம் வருதா, பாரு.” “இந்தக் கத்து கத்துறா, உங்களுக்குக்...” என்று நிறுத்தினாள். என் கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கண் அதில் போய் நின்றது. “ஓ, இதைப் போட்டிருந்தீங்களா” என்றாள். ஆமாம்மா என்றேன். என்ன எளிதாக வந்தது அந்த ஆமாம்.

கஸ்தூரிதான் குழந்தையை வாங்கித் தட்டினாள், காலைத் தேய்த்துவிட்டாள், விரல்களில் நிறம் திரும்பியதை எனக்குக் காட்டினாள், பாலைச் சுட வைத்துக் கொடுத்தாள். தொடையில் ஒரு கோடு, மோதிர விரல் அகலத்துக்கு, சிவப்பாக. போயிடும் அங்கிள், சாயங்காலத்துக்குள்ள போயிடும், எங்க பாப்பாவும் ஒருதடவை இப்படி மாட்டிக்கிட்டா, என்றாள் என்று நினைக்கிறேன், பாதி நான் எழுதியது. கிளம்பும்போது என் கையைத் தொட்டு, மிக மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, “ரெஜினா கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்றாள். அது மட்டும் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டதா, அல்லது எல்லாக் கிழவர்களிடமும் அப்படித்தான் பேசுவாளா. இரண்டரை மணி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன், தூளிப் பக்கம் பார்க்கவில்லை. வெளியே மழை பெய்கிறது, கம்பியில் தண்ணீர் ஓடுகிறது, சத்தமில்லாமல் பெய்கிறது. சாயங்காலத்துக்குள் போய்விடும். போய்விட்டால் என்ன நடந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஹெட்ஃபோன் போட்டிருந்தேன், அதுதான், யாருக்கும் நடக்கிறது, இனிப் போடவில்லை, படத்தையும் விட்டுவிடுகிறேன், குழந்தையை மடியை விட்டு இறக்கவே மாட்டேன், இன்னும் ஆறு நாள், பிலோ வந்துவிடுவாள். கோடு இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. எண்ணெய் தடவினால் தெரியாது. அப்படியானால் எண்ணெய் தடவுகிறவனா நான். அரைமணி நேரம். கஸ்தூரி பத்து நிமிடமாக பெல் அடித்தேன் என்றாள், அதற்கு முன்னால் அவள் குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள், குளிக்கும்போதே கேட்டது என்றாள், அரைமணி இருக்கும். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிகிற இடத்துக்கு இவளும் போய்த் திரும்பியிருக்கிறாள், பத்தடி தூரத்தில், நான் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது. கோடு இன்னும் இருந்தது. கஸ்தூரி இன்று ஊருக்குப் போயிருந்தால். துணி தொடையில் இல்லாமல் கழுத்தில். இந்த நினைப்பு அந்த வார்த்தை வரைக்கும் வந்து நின்றது, திரும்பிப் போய் மறுபடி முதலில் இருந்து வந்தது, மறுபடி அதே வார்த்தையில் நின்றது, தொடை, கஸ்தூரி, கழுத்து, தொடை, கஸ்தூரி. போன் ஒளிர்ந்தது, கௌசிக். சார் இன்னிக்குப் படம் எப்படி, சவுண்ட் பயங்கரமா இருக்குன்னு சொல்றாங்களே. பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒளி அணைந்துவிட்டது. எண்ணெய்ப் பாட்டில் அலமாரியில்தான் இருந்தது. லியா என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள், தூக்கத்திலும் விசும்பல் வந்து வந்து உடம்பு குலுங்கியது, ஒவ்வொன்றும் எனக்குத் தொடையில் தெரிந்தது. எண்ணெய் எடுக்க எழுந்தால் விழித்துவிடுவாள் என்று எழவில்லை. அல்லது அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

நாலேகாலுக்கு ரெஜினா வந்தாள், பாதி நனைந்து, கிரில் திறந்திருப்பதைப் பார்த்து முகம் சுருங்கியது, பிறகு என் மடியைப் பார்த்துச் சிரித்தாள். கை கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கக் குனிந்தபோது, “ரெஜி, முதல்ல உட்காரு” என்றேன். என் குரல் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அவள் உடனே உட்கார்ந்துவிட்டாள். சொன்னேன். கதவு, நாடா, கால், கஸ்தூரி. கோட்டைக் காட்டினேன். அவள் குழந்தையை என்னிடமிருந்து எடுத்த விதம், எடுத்தாள் என்று சொல்ல முடியாது, பிடுங்கினாள். காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், பாதத்தில் விரலால் அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். பிறகு குழந்தையின் தலைமுடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். வழக்கம்போலத் தலை தானாக ஆடப் பார்த்தது. நிறுத்தினேன். “நீ சொன்னது எனக்குக் கேக்கல.” நிமிர்ந்தாள். “ஹெட்ஃபோன் போட்டுட்டு ஏன்ப்பா படம் பார்த்தீங்கன்னு கேட்டேன்.” “ஹெட்ஃபோன் இல்லாட்டியும் கேட்டிருக்காதும்மா. வலது பக்கம் சுத்தமா இல்ல. இடது பக்கம் பாதி. மெஷின் வெக்கச் சொன்னாங்க, வெக்கல. உங்க அம்மாகிட்டயும் சொல்லல.” “எவ்வளவு நாளா?” “ரெண்டு வருஷம்.” “அப்ப தெரிஞ்சேதான் இவளைப் பார்த்துக்கிறேன்னு சொன்னீங்க.” ஆமாம் என்றேன். இந்த ஆமாம் அவ்வளவு எளிதாக வரவில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று காத்திருந்தேன், நாளையிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிடுவாள், டெரன்ஸுக்கு இன்றைக்கே சொல்லுவாள், சொல்லட்டும். ஆனால் அவள் கண் என் மேலிருந்து நகர்ந்து வேறெங்கோ போய் எதையோ தேடுவதுபோல இருந்தது. “ரெண்டு வருஷம்னா, இவ பிறந்தப்பவும்.” “ஆமா.” “ஆஸ்பத்திரியில, மூணாம் நாள், அம்மா கேண்டீனுக்குப் போயிருந்தாங்க. நீங்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்.” எனக்கு அந்த ஜன்னல் நினைவிருந்தது, வெயில் நினைவிருந்தது, அவள் படுத்தபடி என்னைப் பார்த்துப் பேசியது நினைவிருந்தது, உதடு வறண்டிருந்தது, பேத்தி பிறந்த சந்தோஷத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று நானே ஒன்று போட்டுக்கொண்டு வாய் நிறையச் சிரித்து அவள் தலையைத் தடவியது நினைவிருந்தது. “நீங்க சிரிச்சீங்கப்பா. சிரிச்சிட்டு, எல்லாம் நல்லபடியா இருக்கும்மான்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட.” “என்ன சொன்ன?” வெளியே மழை விட்டிருந்தது போல, கம்பியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நின்றது. “ரெஜி. அன்னிக்கு எனக்குக் கேக்கலம்மா. இப்ப சொல்லு.” அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகிறாள் என்று நினைத்தேன். என்னைச் சுற்றி வந்து இடது பக்கம் தரையில் உட்கார்ந்தாள், முழங்கால் என் முழங்காலில் இடித்தது, வாயை என் காதருகே கொண்டுவந்தாள், அவள் மூச்சு முதலில் வந்தது. “இவளைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குப்பா” என்றாள். “தூக்கவே பயமா இருக்கு. இப்பவும்.”